ஆர்டர் நிறைய இருந்தும் கையில் பணம் நிற்காத தொழில்

நீங்கள் கேட்டிருப்பது இது: "பிற நிறுவனங்களுக்காக மின்னணுப் பொருள்களைச் செய்துகொடுக்கும் இ.எம்.எஸ். துறை வேகமாக வளர்கிறது என்று எங்கும் படிக்கிறேன். ஆனால் அந்த நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தால் லாபம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றுதான் நிற்கிறது. வளர்ச்சி உண்மையா? உண்மை என்றால் பணம் எங்கே போகிறது? அப்படி ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வேலை வந்திருக்கிறது, போகலாமா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் நடுவில் இருப்பதுதான் முக்கியமானது. பணம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் இருபது ஆண்டுக்கு மேல் இருக்கிறேன். பாதிக் காலம் உதிரிபாகக் கொள்முதலில், மீதி வாடிக்கையாளர் திட்டங்களை நடத்தும் வேலையில். நான் பார்த்தவை மருத்துவக் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி, தொலைத்தொடர்பு மின்சுற்றுப் பலகைகள் மாதிரியானவை. எண்ணிக்கை குறைவு, வகை அதிகம். மாதம் பல லட்சம் கைப்பேசி செய்யும் ஆலைக்குள் நான் வேலை செய்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்த்ததும், அந்த நிறுவனங்களே வெளியிடும் கணக்குகளைப் படித்ததும்தான்.

வளர்ச்சி உண்மை. அதில் சந்தேகமே வேண்டாம். அது வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய சிக்கல் புரியும். 1960களின் கடைசியில் இந்த வேலை வெறும் கூலி வேலையாகத்தான் இருந்தது. ஃபிளெக்ஸ் என்று இன்று அழைக்கப்படும் நிறுவனம் 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது, பெரிய கம்பெனிகளால் முடிக்க முடியாமல் மிஞ்சிய பலகைகளை வாங்கிவந்து கையால் சோல்டர் செய்து, அதாவது உலோகத்தை உருக்கிப் பாகங்களைப் பலகையோடு இணைத்துக் கொடுத்தது. பாகமெல்லாம் வாடிக்கையாளருடையது, இவர்களுடையது கை மட்டும். 1974-ல் டெர்ரி கோ தொடங்கிய ஹான் ஹாய், அதாவது இன்றைய ஃபாக்ஸ்கான், முதலில் செய்தது டிவியில் சேனல் திருப்பும் பிளாஸ்டிக் குமிழ்.

எல்லாவற்றையும் மாற்றியது 1980களில் பரவிய எஸ்.எம்.டி. முறை. பாகத்தின் காலைத் துளைக்குள் நுழைத்துச் சோல்டர் செய்வதை விட்டுவிட்டு, பலகையின் மேற்பரப்பிலேயே இயந்திரம் பாகங்களை ஒட்டவைக்க ஆரம்பித்தது. அந்த இயந்திரம் விலை அதிகம். அதை ஒரு நாளில் ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. பத்து வாடிக்கையாளரின் வேலையைச் சேர்த்து இருபது மணி நேரம் ஓட்டுகிறவனுக்குத்தான் அது கட்டும். ஆக, ஒரே பொருளைச் செய்யும் நிறுவனம் சொந்த ஆலை வைத்திருப்பதற்கான பொருளாதாரக் காரணம் மெல்ல மெல்லக் கரைந்தது. 1990களில் பெரிய பெயர்கள் தங்கள் ஆலைகளையே பிரித்துக் கொடுத்தன. ஐ.பி.எம்.மின் கனடாப் பிரிவாக இருந்த செலஸ்டிகா தனி நிறுவனமானது அப்படித்தான். கூலி வாங்கிச் சோல்டர் செய்தவர்கள் பாகமும் தாங்களே வாங்கி, பொருத்தி, சோதித்து, பெட்டியில் அடைத்து, கடைக்கே அனுப்பும் நிலைக்கு வந்தார்கள். இதைத் துறையில் டர்ன்கீ என்போம்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த 'பாகமும் தாங்களே வாங்கி' என்ற இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். இதில் உள்ள எண்கள் எந்த ஒரு நிறுவனத்துடையதும் அல்ல, ஆனால் துறையில் இருப்பவர்கள் பார்த்தால் வழக்கமானவை என்பார்கள். மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாகங்களின் விலை மட்டும் 80. மீதி 20-ல் சம்பளம், மின்சாரம், இயந்திரத் தேய்மானம், வட்டி எல்லாம் போக 3 மிஞ்சுகிறது. நூற்றுக்கு மூன்று என்றால் பரிதாபமாகத் தெரியும். ஆனால் இந்த நிறுவனம் உண்மையில் சேர்த்த மதிப்பு 20 மட்டும்தான். இருபதுக்கு மூன்று என்று பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஃபாக்ஸ்கானின் மொத்த லாப விகிதம் பல ஆண்டுகளாக 6 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதற்கும் பெரும்பகுதிக் காரணம் இதுதான். கைப்பேசிக்குள் இருக்கும் விலையுயர்ந்த சிப்பும் திரையும் அதன் விற்பனைக் கணக்கில் ஏறுகின்றன. அவற்றின் லாபம் அவற்றைச் செய்தவனிடம் இருக்கிறது. அதனால் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒரு இ.எம்.எஸ். நிறுவனத்தை எடைபோடாதீர்கள்.

அடுத்த கணக்குதான் என்னைப் பல இரவு தூங்கவிடாமல் செய்தது. பாகம் வாங்கினால் விற்றவனுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பாகம் கிடங்கிலும் உற்பத்தி லைனிலும் சேர்த்து 80 நாள் கிடக்கிறது. பொருள் அனுப்பி 60 நாள் கழித்து வாடிக்கையாளர் பணம் தருகிறார். 80-ஐயும் 60-ஐயும் கூட்டி 45-ஐக் கழித்தால் 95 நாள். மூன்று மாதத்துக்கு மேல் பாகத்தின் விலை முழுவதும் நம் பணமாக உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது ஆர்டர் இரண்டு மடங்கு ஆகிறது, எல்லோரும் இனிப்பு கொடுக்கிறார்கள். அதற்குக் கூடுதலாகப் போட வேண்டிய பணம் ஏறக்குறைய 253. பழைய அளவில் ஆண்டு லாபம் 36. ஒரே ஒரு முறை இரட்டிப்பாவதற்கு ஏழு ஆண்டு லாபம் வேண்டும்! கையில் அது இருக்காது, ஆக கடன்தான். விற்பனை ஏற ஏற வங்கிக் கடனும் ஏறுகிறது. நீங்கள் கேட்ட பணம், பாகங்களைச் சுற்றிவைத்த ரீல்களாகவும் அடுக்கிவைத்த டிரேக்களாகவும் கிடங்கு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

அது அங்கே உட்கார்ந்திருப்பதுகூடப் பரவாயில்லை, ஒரு நாள் விற்றுவிடும் என்றால். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் பன்னிரண்டு மாத ஃபோர்காஸ்ட், அதாவது எவ்வளவு வாங்குவார் என்ற முன்மதிப்பீடு கொடுத்தார். அதில் இருந்த சில சிப்களுக்கு லீட் டைம் 26 வாரம். அதாவது இன்று ஆர்டர் போட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் வரும், அதனால் முன்கூட்டியே போட்டோம். நான்காவது மாதம் அவருடைய விற்பனை சரிந்தது, ஃபோர்காஸ்டைப் பாதியாக வெட்டினார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், 90 நாளுக்குள் தேவைப்படும் பாகங்களுக்கு மட்டுமே அவர் பொறுப்பு என்று இருந்தது. 90 நாளுக்கும் 26 வாரத்துக்கும் நடுவில் இருந்த அத்தனை சரக்கும் எங்கள் தலையில். கையெழுத்துப் போட்ட நாளில் அந்த ஒரு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

அந்தச் சரக்கு ஒன்றரை ஆண்டு அலமாரியில் இருந்தது. ஈரம் புகாத பைக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். காய்ந்திருந்தால் நீல நிறம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரக்கு எண்ணும்போது ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்ப்பேன். நீலம் மங்கி இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டே வந்தது. ஈரம் ஏறிய சிப்பை அப்படியே சோல்டரை உருக்கும் அடுப்பில் விட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி உறை வெடிக்கும், அதனால் முதலில் சூடாக்கி உலர்த்த வேண்டும். டிரேயில் இருப்பதை 125 டிகிரியில் வைக்கலாம். ரீலில் இருப்பதை அப்படி வைத்தால் பிளாஸ்டிக் டேப் தாங்காது, 40 டிகிரியில் நாள் கணக்கில் வைக்க வேண்டும். விற்க முடியாத சரக்கை வீணாகாமல் பார்த்துக்கொள்ளவே தனிச் செலவு. கடைசியில் பெரும்பகுதியை நஷ்டக் கணக்கில் எழுதினோம்.

இது எங்கள் ஒருவரின் கதை மட்டும் இல்லை. 2001-ல் இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்தபோது, உற்பத்தியின் பெரும்பகுதியை வெளியே கொடுத்திருந்த, நெட்வொர்க் கருவிகள் விற்கும் சிஸ்கோ ஒரே காலாண்டில் 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. கேபிள் நிறைய வேண்டும், ரௌட்டர் நிறைய வேண்டும் என்று ஒரே தேவையைப் பல பேர் பல கைகளில் ஆர்டராகப் போட்டதில், இல்லாத தேவை இருப்பதுபோலத் தெரிந்தது. அந்தக் காலத்தில் துறையின் முன்னணியில் இருந்தது சொலெக்ட்ரான். அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருதை 1991-லும் 1997-லும் வாங்கிய நிறுவனம் அது. வேலைத் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிறுவனமே 2001-க்குப் பிறகு நிமிர முடியாமல், 2007-ல் போட்டியாளரான ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸோடு (இன்றைய ஃபிளெக்ஸ்) சேர்ந்து மறைந்தது.

சரக்கு அதிகமானால் இப்படி. குறைந்தால்? 312 பாகம் உள்ள ஒரு பலகைக்கு 311 பாகம் வந்து நிற்கும். வராத ஒன்று, பலகையிலேயே ஒயரைச் சொருகும் மிக மலிவான ஒரு கனெக்டராக இருக்கும். லைன் நிற்கும். அதே அளவில் வேறு கம்பெனிக் கனெக்டர் கிடைக்கும்தான், ஆனால் அதை நாமாக மாற்றிவிட முடியாது. வாடிக்கையாளரின் வடிவமைப்பாளர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவக் கருவி என்றால் மறுபடி சோதனை நடத்தி ஆவணப்படுத்த வேண்டும். ஒரு முறை இப்படி மூன்று வாரம் காத்திருந்தோம். மீதி 311 பாகத்துக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த மூன்று வாரமும் சும்மா கிடந்தது. 2020-க்குப் பிறகு வந்த சிப் தட்டுப்பாட்டில் இது உலகம் முழுக்க நடந்தது. கருவியை இயக்கும் சிறு சிப்களான மைக்ரோகன்ட்ரோலர்கள் சிலவற்றின் லீட் டைம் ஓர் ஆண்டைத் தாண்டியது. பயந்து எல்லோரும் இரண்டு மடங்கு ஆர்டர் போட்டார்கள், பிறகு 2023 வாக்கில் அதே சரக்கு கிடங்குகளில் தேங்கியது. 2001-ன் பாடத்தைத் துறை முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். நடந்த ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும்: இப்போது பல நிறுவனங்கள் நீண்ட லீட் டைம் பாகங்களுக்கு வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்கின்றன, வாங்கவும் செய்கின்றன. நாங்கள் அந்தக் காலத்தில் வாய்திறந்து கேட்கவே தயங்கினோம்.

சரி, தொழில்நுட்பச் சிக்கலுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வேலையைப் பொருத்தும் வேலைதானே என்று நினைப்பார்கள். ஒரு பலகையில் ஆயிரம் சோல்டர் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் இணைப்புக்கு ஐம்பதுதான் பழுது என்றால் கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் நூறு பலகையில் ஒரு லட்சம் இணைப்பு, அதில் ஐந்து பழுது. ஏறக்குறைய நூறு பலகைக்கு ஐந்து பலகை பழுதாகிறது. மொத்தமே மூன்று லாபம் உள்ள தொழிலில் நூற்றுக்கு ஐந்தைத் திரும்ப எடுத்துச் சரிசெய்வது எவ்வளவு பெரிய அடி என்று யோசியுங்கள். இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை பிறப்பது முதல் படியிலேயே, அதாவது ஸ்டென்சில் என்ற துளையிட்ட தகடு வழியாகச் சோல்டர் பேஸ்ட், அதாவது சோல்டர் பசை தடவும் இடத்தில். பேஸ்ட் குளிர்பெட்டியில் இருக்கும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வர மணிக்கணக்கில் பொறுக்க வேண்டும். அவசரத்தில் குளிரோடு திறந்துவிட்டால் காற்றின் ஈரம் அதில் படியும், அடுப்பில் அது தெறித்துச் சிறு உருண்டைகளாகப் பலகை மேல் சிதறும். ஒரு நல்ல ஆப்பரேட்டர் டப்பாவின் மூடியைத் தொட்டுப் பார்த்தே இன்னும் நேரம் ஆகவில்லை என்று சொல்லிவிடுவார்.

2006 ஜூலையில் மின்னணுப் பொருள்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் விதி நடைமுறைக்கு வந்தபோது ஈயம் விலக்கப்பட்டது. சரியான முடிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஈயம் கலந்த சோல்டர் 183 டிகிரியில் உருகும். அதற்குப் பதிலாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுப்பின் உச்ச வெப்பம் 240-ஐத் தொடுகிறது, பல பாகங்களின் தாங்கும் வரம்போ 260 வரைதான். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பெரிய கனமான பாகமும் பொடிக் கெபாசிட்டரும் ஒரே பலகையில் இருந்தால், கனமானது உருகும் சூட்டைத் தொடும் முன் பொடியது வரம்பை எட்டிவிடப் பார்க்கும். ஒவ்வொரு புதுப் பலகைக்கும் அடுப்பின் வெப்ப வளைவைத் தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றும் அனுபவசாலியின் வேலைதான். சிப்பின் அடிவயிற்றில் உருண்டைகளாக இணைப்பு இருக்கும் பி.ஜி.ஏ. வகை என்றால் எக்ஸ்-ரே வைத்துத்தான் பார்க்க முடியும்.

என்னைப் போல் வகை அதிகம், எண்ணிக்கை குறைவு என்ற பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, மாற்றும் நேரம். பாகம் வைக்கும் இயந்திரம் மணிக்குப் பல்லாயிரம் பாகம் வைக்கும் என்று விற்பவர் சொல்வார், பொய்யும் இல்லை. ஆனால் ஒரு நாளில் ஆறு வகைப் பலகை ஓட்ட வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குப் பாகம் ஊட்டும் ஃபீடர்களில் ரீல் மாற்றி, முதல் பலகையைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும். விலை கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் இதைப் புரியவைப்பது கஷ்டம்.

போட்டியும் விசித்திரமானது. வாடிக்கையாளரே நாளை போட்டியாளர் ஆகலாம், அதேபோல் நாமும் அவருக்கு. மோட்டோரோலாவுக்குக் கைப்பேசி செய்துகொடுத்த பென்க்யூ, பிறகு சீனச் சந்தையில் சொந்தப் பெயரிலேயே கைப்பேசி விற்கத் தொடங்கியது, ஒப்பந்தம் முறிந்தது. ஆனால் அன்றாடத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது. வருமானத்தில் பாதி ஒருவரிடமிருந்து வருகிறது என்றால், ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு விழுக்காடு விலை குறை என்று அவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது.

இந்த அழுத்தம் கடைசியில் போய் இறங்குவது லைனில் நிற்கும் ஆள் மேல். 2010-ல் ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் வளாகத்தில் இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டதை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது. துறையின் பொது நடத்தை விதி, மிகைநேரம் உட்பட வாரத்துக்கு 60 மணி நேரம்தான் என்கிறது. விதி நல்லது. ஆனால் புதுப் பொருள் வெளியாகும் மாதத்தில் தேவை பல மடங்கு ஏறும், அடுத்த மாதம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், தற்காலிக ஆட்களை எடுப்பது, மிகைநேரம் வாங்குவது, பிறகு அனுப்பிவிடுவது என்று மனிதர்களைக் கொண்டுதான் அது சமாளிக்கப்படுகிறது. நஷ்டச் சரக்குக்காவது கணக்கேட்டில் ஒரு வரி உண்டு.

ஆலைகள் நாடு விட்டு நாடு நகர்வதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2018-ல் அமெரிக்கா சீனப் பொருள்கள் மேல் கூடுதல் வரி போட ஆரம்பித்ததிலிருந்து வியட்நாம், மெக்சிகோ, மலேசியா, இந்தியா என்று வேலை பரவியிருக்கிறது. கடைசிக் கட்டப் பொருத்துதல் சுலபமாக நகரும், அது உறுதி. வெறும் பலகை செய்பவர், கெபாசிட்டர் செய்பவர், கனெக்டருக்கு அச்சு வெட்டுபவர் எல்லாம் சேர்ந்து நகர்வது மெதுவாகத்தான் நடக்கும். அவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் பாகம் கப்பலில் வர வேண்டும், நான் மேலே சொன்ன 80 நாள் இன்னும் நீளும். புது இடத்தில் கூலி குறைவு என்று போனவர்கள் அந்த மிச்சத்தைச் சரக்கின் வட்டியில் விட்டுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பெரிய வளர்ச்சி ஏ.ஐ. சர்வர்களில் இருக்கிறது. 2025-ன் இரண்டாம் காலாண்டில் ஃபாக்ஸ்கானின் கிளவுட் மற்றும் நெட்வொர்க் பிரிவின் வருவாய், கைப்பேசி அடங்கிய நுகர்வோர் பிரிவைத் தாண்டியது. இந்த சர்வர்களின் ஒவ்வொரு அடுக்கும் பெரும் விலை. அவற்றுக்குள் இருக்கும் சிப்களை ஆலையே வாங்கி விற்றால் விற்பனை எண் பிரமிக்க வைக்கும், விழுக்காடு இன்னும் மெலியும், உள்ளே மாட்டும் பணமும் பெருகும். தேவை நிலைத்தால் எல்லாம் நல்லது. ஒரு காலாண்டு தடுமாறினால் 2001 மறுபடி வரலாம் என்று எனக்குப் பயம் இருக்கிறது. தானியங்கிமயத்தைப் பற்றியும் ஒன்று: பலகை செய்வது எப்போதோ தானியங்கியாகிவிட்டது, ஆனால் வளையும் ஒயரைச் சொருகி, திருகு முடுக்கி, பெட்டி மூடும் வேலையில் மனிதக் கை இன்னும் நீண்ட காலம் இருக்கும் என்றே நினைக்கிறேன். இதில் நான் தவறாகவும் இருக்கலாம்.

உங்கள் வேலைக்கு வருவோம். போகலாம், ஆனால் நேர்காணலில் நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள். வருமானத்தில் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு? பன்னிரண்டு மாதமாக அசையாத சரக்கு எவ்வளவு இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறதா? வடிவமைப்பு நிலையிலேயே வாடிக்கையாளரோடு உட்கார்ந்து, இந்தப் பாகத்துக்கு மாற்று இல்லை, இதைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்லும் குழு ஒன்று இருக்கிறதா? நேரடியாகப் பதில் சொல்கிறவர்களிடம் தைரியமாகச் சேருங்கள். எந்தப் பிரிவு என்று தேர்வு கொடுத்தால், முதல் இரண்டு ஆண்டு லைனிலோ சோதனைப் பிரிவிலோ இருங்கள், அப்புறம் கொள்முதலுக்கு மாறுங்கள். நான் நேராகக் கொள்முதலில் நுழைந்தேன். அடுப்பிலிருந்து பலகை வெளியே வருவதை நின்று பார்க்கவே எனக்கு நான்கு ஆண்டு ஆனது. அதற்குள் நான் போட்ட ஆர்டர்களில் எத்தனை தவறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.